புல்லில் படுத்துத் தூங்கும் தேசம்

லண்டனைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் லண்டனில் இருந்தது ஒரே ஒரு பகல். அன்றைக்கு விழுந்திருந்த மூடுபனியில் எதிரே நிற்பது மனிதரா விளக்குக் கம்பமா என்று தெரியாமல் ஒரு கம்பத்தின் மேல் இடித்து, அதனிடம் மன்னிப்பும் கேட்டேன். அது பதில் சொல்லவில்லை. அந்த ஊர் மனிதர்களும் அதிகம் பேசுகிறவர்களாகத் தெரியவில்லை, ஆகவே அது கம்பம்தான் என்று உறுதியாக எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. லண்டனை விட்டுவிடுகிறேன். அரையாண்டு நான் குடியிருந்த நாட்டிங்காம் நகரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள். பெயர் ஞானம்மாள். பி.ஏ. உண்டு, ஆசிரியர் பயிற்சிப் பட்டமான எல்.டி. இல்லை. அந்தக் குறை எங்கள் பள்ளிக் கமிட்டிக்கு வாய் வலிக்காமல் பேச ஒரு விஷயமாக இருந்து வந்தது. வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு இங்கிலீஷ் கற்பிக்கும் முறையில் பயிற்சி தருகிறார்கள் என்று தெரிந்து மனுப் போட்டேன். இடம் கிடைத்தது. புறப்படும் முன் பள்ளித் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"எம்மா ஞானம், அந்த சர்ட்டிபிகேட்டோட வந்து இறங்கு. அஞ்சாம் பாரமும் ஆறாம் பாரமும் ஒனக்குத்தான். அது இல்லாம வந்தியன்னா, பாளையங்கோட்டையிலேருந்து ஆள் போடணும்னு கமிட்டியில ஒத்தக்கால்ல நிக்காவ. பொறவு ஒனக்குச் சின்ன கிளாசுதான். என்னால ஒண்ணும் செய்ய முடியாது, பாத்துக்க."

"கொண்டுட்டு வாரேன் அண்ணாச்சி" என்றேன். என் குரல் கொஞ்சம் விறைப்பாகத்தான் வந்திருக்கும். ஐந்தாம் பாரத்தில், அதாவது பத்தாம் வகுப்பில், இருக்கிற பெண்களை முதல் பாரத்திலிருந்து கையைப் பிடித்து அழைத்து வந்தவள் நான். இளையரசனேந்தலிலிருந்தும் குருவிகுளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள், ஏ, பி, சி என்ற எழுத்தையே என்னிடம்தான் பார்த்தவர்கள். அவர்களைக் கடைசி வருஷத்தில் இன்னொருத்தி கையில் கொடுப்பது என்றால் எனக்கு வயிறு எரியும்.

நாட்டிங்காமில் நான் தங்கிய வீட்டுக்காரி பெயர் மிஸஸ் பெல். ஐம்பது வயது, விதவை, தனி ஆள். முதல் நாள் சாப்பாட்டுக்கு முட்டைக்கோஸ் வைத்தாள். அந்த முட்டைக்கோஸை அவள் அவித்த நேரத்தில் நாங்கள் ஒரு பானை நெல்லையே அவித்து இறக்கியிருப்போம். கூட உருளைக்கிழங்கு. அதுவும் அவித்தது. யுத்தம் முடிந்தும் இறைச்சிக்கு அப்போது இன்னும் ரேஷன் என்பதால் அது ஒரு சின்னத் துண்டு, பெயருக்கு. உப்பும் மிளகுத்தூளும் மேசையில் இரண்டு சின்னப் புட்டிகளில் இருந்தன. அவற்றைத் தொடுவது சமைத்தவளை அவமதிப்பது என்று நினைத்துக்கொண்டு முதல் இரண்டு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். தொட்டுக்கொள்ளத்தான் வைத்திருக்கிறது என்று மூன்றாம் நாள் தெரிந்தது.

அன்றே என் பெட்டியைத் திறந்து மிளகாய் வத்தல் பொடியை எடுத்தேன். குருவிகுளத்துக் கரிசலில் விளைந்த வத்தல், எங்கள் வீட்டில் இடித்தது. மிஸஸ் பெல் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி உருளைக்கிழங்கின் மேல் தூவினாள். பிறகு எழுந்து போய்க் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. திரும்பி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமைக்கும் கொஞ்சம் வைத்திரு" என்று சொன்னாள். அன்றிலிருந்து எங்களுக்குள் சிநேகம்.

அந்த ஊர் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடி வைத்த பஸ். ஒரு நாள் மூடுபனி மிகவும் கனத்து இறங்கியதால் கண்டக்டர் கீழே இறங்கி, கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். டிரைவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்து வண்டியை ஓட்டினார். நடந்தவருக்கே வழி தப்பிவிட்டது. பஸ் மெல்ல மெல்ல ஊர்ந்து ஒரு நிலக்கரி மண்டியின் முற்றத்துக்குள் போய் நின்றது. அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "எத்தனை மூட்டை வேண்டும்?" என்று கேட்டார். ஒருவரும் சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. யுத்த காலத்தில் கரியில் ஓடிய எங்கள் கரிவலம்வந்தநல்லூர் பஸ் பாதி வழியில் நின்றால் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். தள்ளுகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு ஒரு யோசனை சொல்லுவோம். இங்கே யோசனை சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

அந்தக் கண்டக்டர்தான் என்னை முதன்முதலில் வாத்து என்று கூப்பிட்டவர். "பார்த்து இறங்கு, என் வாத்தே" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "நான் ஆசிரியை, ஐயா. வாத்து அல்ல" என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பெண்மணி என் கையைத் தொட்டு, "கோபிக்காதே. எங்கள் ஊரில் பிரியமாகக் கூப்பிடுவது அப்படித்தான். ராணியே வந்தாலும் அவருக்கு வாத்துத்தான்" என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஊரில் யாரோ எவரோ, "என்ன மக்கா, எங்க போற?" என்று கேட்டால் நான் யாருக்கு மகள் என்றா விசாரிக்கிறேன்? மறுநாள் அதே கண்டக்டர் வாத்தே என்றபோது சிரித்துக்கொண்டே இறங்கினேன். ஆனால் சென்னையிலிருந்து வந்த ஒரு மனிதரை எங்கள் ஊரில் ஒருவன் "வாரும்வே" என்று கூப்பிட்டுவிட்டால், அவர் மரியாதை போயிற்று என்று குதிப்பார். அவருக்கும் யாராவது கையைத் தொட்டுச் சொல்ல வேண்டும்.

பயிற்சி நடத்தியவர் மிஸ்டர் வார்ட். நல்ல மனிதர், பொறுமைசாலி, வாயில் எப்போதும் புகைக்குழாய். என் பெயரை அவரால் கடைசிவரை சொல்ல முடியவில்லை; "மிஸ் நானம்" என்பார். மலேயா, சிலோன், ஆப்பிரிக்கா என்று பல தேசத்து ஆசிரியர்கள் நாங்கள் ஒரே அறையில். என் பக்கத்து மேசை கோல்ட் கோஸ்டிலிருந்து வந்த கோஃபி. உயரமான மனிதர், சிரித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

எங்கள் மாணவர்கள் எழுதிய கட்டுரைத் தாள்கள் சிலவற்றைக் கொண்டு வரும்படி முன்பே எழுதியிருந்தார்கள். தேநீர் வேளைக்குப் பிறகு மிஸ்டர் வார்ட் அவற்றிலிருந்து வேடிக்கையான தவறுகளைப் படித்துக் காட்டுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தூங்குகிறவர்களை எழுப்ப அது அவருடைய உபாயம். கோஃபியின் மாணவன் ஒருவன், பனி என்பது இலவ மரத்திலிருந்து காற்றில் பறந்து வரும் என்று எழுதியிருந்தான். சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அடுத்தது என் வகுப்புத் தாள்.

"என் தந்தை புல்லில் கிடக்கும் பாம்பு. அவர் இருக்கிற இடத்துக்குத் திருடன் வரமாட்டான்."

அறை சிரிப்பில் அதிர்ந்தது. இங்கிலீஷில் ஒருவனைப் புல்லில் கிடக்கும் பாம்பு என்று சொன்னால், சிநேகிதனைப் போல இருந்து கழுத்தை அறுக்கிறவன் என்று அர்த்தம். பெற்ற தகப்பனை அப்படி எழுதியிருக்கிறாள் ஒரு பெண். மிஸ்டர் வார்ட் தாளைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் சிவப்பு மையில் "நன்று" என்று இருந்தது. அது என் கையெழுத்து.

"மிஸ் நானம், இதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்று எழுந்து நின்றேன். "தெரிந்துதான் போட்டேன். எழுதிய பெண் பெயர் வேலம்மாள். அவள் அப்பாவை எனக்கு நேரில் தெரியும்."

இன்னும் பெரிய சிரிப்பு. நான் உட்காரவில்லை. வேலம்மாளின் அப்பா இளையரசனேந்தலில் ஆட்டுக்காரர். ராத்திரியில் ஆடுகளைக் காட்டில் கிடை போட்டால், வரப்போரத்தில் புல்லுக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துக் கிடப்பார். அவர் எங்கே கிடக்கிறார் என்று களவாணிக்குத் தெரியாது. ஆனால் கிடக்கிறார் என்று தெரியும். அதனால் கிட்ட வரமாட்டான். இதைச் சொன்னேன். எங்கள் ஊர்க் கோவிலில் சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்களுக்கு இடம் உண்டு, புற்றுமண்தான் அங்கே பிரசாதம், எங்கள் ஊரில் பாம்பு காவல்காரன், திருடன் அல்ல என்றும் சொன்னேன்.

மிஸ்டர் வார்ட் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். "நீங்கள் கிறிஸ்தவர் அல்லவா? பாம்பு யார் என்று வேதத்தில் படித்திருப்பீர்களே."

"படித்திருக்கிறேன். ஏதேனில் இருந்த பாம்பு வலிய வந்து பேச்சுக் கொடுத்த பாம்பு. எங்கள் ஊர்ப் பாம்பு யாரிடமும் பேசாது. அதன் பாட்டுக்கு இருக்கும்."

கோஃபி கை தட்டினார். எனக்கும் உள்ளுக்குள் குளுகுளு என்றுதான் இருந்தது. எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு. அப்பா தேரடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் ஜெபம் பண்ணுவோம். உடம்பில் சொறி வந்தால் அக்கம்பக்கத்தார் கொடுக்கிற புற்றுமண்ணையும் பூசிக்கொள்ளுவோம். சங்கரன்கோவிலில் பிறந்தவளுக்கு இரண்டும் வழக்கம்.

ஆனால் மிஸ்டர் வார்ட் விடவில்லை. "பரீட்சைத் தாள் திருத்துகிறவர் சங்கரன்கோவிலுக்கு வரப்போவதில்லை, மிஸ் நானம். உங்கள் மாணவி இதை எழுதிவிட்டுத் தோற்பாள்" என்றார். அது நியாயம்தான். பயிற்சி முடிவில் நாங்கள் ஒவ்வொருவரும் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு பாடம் நடத்த வேண்டும். சர்ட்டிபிகேட்டு அதைப் பொறுத்தது. "உங்கள் பாடம் உருவக வழக்குகள். இந்த வாக்கியத்தையே வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் பிள்ளைகளுக்கு விளக்குங்கள், பார்ப்போம்" என்று முடித்துவிட்டார்.

இங்கிலீஷ் பிள்ளைகளுக்கு, இங்கிலீஷ் பாஷையில், இங்கிலீஷ் வழக்கு ஒன்றைச் சங்கரன்கோவில்காரி விளக்க வேண்டும். வாய்க்கொழுப்புக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் கோஃபி சொன்னார்: "'எங்கள் ஊரில் அப்படி' என்று மட்டும் சொன்னால் இவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கோஃபி ஊரில் ஏதோ வழக்கம், ஞானம் ஊரில் ஏதோ வழக்கம் என்று விட்டுவிடுவார்கள். நீ போட்ட நன்றுக்குக் காரணம் சொல்ல வேண்டும்." எங்கள் ஊர் வழக்கம் என்பதற்கு மேல் ஒரு காரணம் எனக்கே தெரியவில்லை. பேனா போட்டது, அவ்வளவுதான். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அவித்த முட்டைக்கோஸ் என்பதால் அது பெரிய நஷ்டம் இல்லை.

அதன் பிறகு பார்த்தவர்களை எல்லாம் பாம்பைப் பற்றி விசாரித்தேன். மிஸஸ் பெல் ஆயுளில் ஒரே ஒரு பாம்பைப் பார்த்திருக்கிறாள், அதுவும் கூண்டுக்குள். கண்டக்டர் பார்த்ததே இல்லை. பால்காரருக்கு அவருடைய மாமா ஒருவர் பார்த்ததாக ஞாபகம். பார்த்திராத பிராணியை வைத்துத் துரோகியைத் திட்டுகிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். எங்களுக்கு நித்தியம் எதிர்ப்படுகிற பிராணி. அதிலும் அதிக விஷம் உள்ளதற்கு நல்லபாம்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இந்தக் கவலைக்கு நடுவிலும் ஊர் சுற்றிப் பார்த்தேன். நாட்டிங்காம் லேஸுக்குப் பேர் போன ஊர். கடை ஒன்றில் மேசை விரிப்பைக் காட்டி, "மெஷினில் செய்தது, இதைப்போல் உலகத்தில் எங்கும் கிடையாது" என்றான் கடைக்காரன். எங்கள் ஜில்லாவில் நாசரேத்துப் பக்கமும் இடையன்குடியிலும் பெண்கள் இதைக் கையாலேயே பின்னுகிறார்கள் என்று என் கைக்குட்டையை எடுத்துக் காட்டினேன். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தான். இன்னொரு நாள் கல்யாணம் முடிந்து வெளியே வந்த ஜோடியின் மேல் வர்ணக் காகிதத் துணுக்குகளை வீசினார்கள். நிலம் உழுகிற எங்கள் சம்சாரிகள் ஆடித் தபசு அன்று பருத்தியையும் வத்தலையும் கம்பையும் அள்ளி அம்மன் சப்பரத்தின் மேல் வீசுவார்கள். வீசுவதென்றால் விளைந்ததை வீச வேண்டும்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது. எங்கள் ஊர்க் கணக்கில் அது வெயிலே இல்லை, விடிகாலை வெளிச்சம். ஆனால் நகரமே கதவைச் சாத்திக்கொண்டு ட்ரென்ட் ஆற்றங்கரைக்கு ஓடியது. மிஸஸ் பெல் ரொட்டியைக் கூடையில் எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துப் போனாள். போய்ப் பார்த்தால், கரை நெடுக ஜனங்கள் புல்லின் மேல் மல்லாந்து கிடக்கிறார்கள். கோட்டுப் போட்ட கனவான்கள், குழந்தைகள், கிழவர்கள் எல்லோரும். சிலர் குறட்டை விடுகிறார்கள். ஒரு தாய் கைக்குழந்தையைப் புல்லில் கிடத்திவிட்டு, அதைப் பாராமல் புத்தகம் படிக்கிறாள்.

மிஸஸ் பெல்லும் பொத்தென்று உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. குடையால் தரையைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தேன்.

"என்ன, கதவைத் தட்டுகிறாய்? உள்ளே யாராவது இருக்கிறார்களா?" என்று அவள் கேட்டாள்.

"நாம் வந்திருக்கிறோம் என்று சொல்லுகிறேன். இருந்தால் ஒதுங்கிப் போய்விடும்."

"எது?"

"பாம்பு."

அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். "புல்தானே, என் வாத்தே. புல் என்ன செய்துவிடும்? உட்கார்."

நான் குடையை நட்டபடி நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் பாம்பையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேனே, விஷயம் பாம்பில் இல்லை. புல்லில் இருக்கிறது! இந்த ஜனங்களுக்குப் புல் என்றால் மெத்தை. பெற்ற பிள்ளையை நம்பிக் கிடத்துகிற இடம். அங்கே ஒரு பாம்பு வந்து ஒளிந்திருந்தால் அது துரோகம்தான். அதைவிடப் பெரிய துரோகம் இல்லை. எங்கள் கரிசலில் புல் என்றால் குத்துகிற ஊசிப்புல். அதை நம்பி யாரும் படுப்பதில்லை. தட்டிக்கொண்டுதான் போவோம். அந்த இடம் பாம்பினுடையது, நாம்தான் விருந்தாளி. அந்த இடத்தில் ஒரு மனிதன் படுக்கிறான் என்றால், மற்றவர்கள் வீட்டுக்குள் தூங்க வேண்டும் என்பதற்காகத்தான் படுக்கிறான்.

மிஸஸ் பெல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கொடுத்த ரொட்டியை முழுவதும் தின்றேன். அன்றைக்கு அது ருசியாகவே இருந்தது.

பாடம் நடத்தும் நாள் வந்தது. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், ஆணும் பெண்ணும் கலந்து. பின்னால் மிஸ்டர் வார்ட். அவர் பக்கத்தில் இன்ஸ்பெக்டர், சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்த ஒரு மனிதர். நான் கரும்பலகையில் வேலம்மாளின் வாக்கியத்தை எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் ஒரு பையன் பாம்பு மாதிரி சீறினான். இன்னொருவன் சீறினான். சற்று நேரத்தில் வகுப்பு முழுவதும் சீறல். இன்ஸ்பெக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். அமைதி, அமைதி என்று இங்கிலீஷில் இரண்டு முறை சொன்னேன். கேட்கவில்லை. எனக்குச் சர்ட்டிபிகேட்டும் மறந்தது, ஊரும் மறந்தது.

"ஏலே! வாய மூடுதியளா, இல்ல வரட்டுமா அங்கன?"

ஒரு சொல்லும் புரியவில்லை அவர்களுக்கு. ஆனாலும் குண்டூசி விழுந்தால் கேட்கும். சங்கரன்கோவில் அதட்டலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு மெதுவாக ஆரம்பித்தேன். வெயில் வந்தால் எங்கே படுப்பீர்கள்? புல்லில், மிஸ். அதில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது, மிஸ். இருந்தால்? ஒரு பையன், "அது நியாயமே இல்லை, மிஸ்" என்றான். சரி, இப்போது என்னோடு எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று பெஞ்சுகளை ஒதுக்கச் சொன்னேன். தரை வெடித்த கரிசல், முழங்கால் உயரக் காய்ந்த புல், கையில் கம்பு, முதல் அடி வைக்கும் முன் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, எல்லோரையும் தரையைத் தட்டித் தட்டி அறையைக் கடக்க வைத்தேன். தட்டாமல் போனவனின் குதிகாலை நானே பாம்பாக இருந்து தொட்டேன். அலறினான்.

"இங்கே படுத்துத் தூங்க யார் தயார்?"

ஒருவரும் கை தூக்கவில்லை. "ஆடுகள் இங்கேதான் கிடக்கின்றன. அவற்றைக் காக்க ஒரு மனிதர் தினமும் இந்தப் புல்லில்தான் படுக்கிறார். அவருடைய மகள் எழுதிய வாக்கியம் இது" என்று கரும்பலகையைக் காட்டினேன். இப்போது யாரும் சீறவில்லை.

"வீட்டில் உள்ளவர்களைப் பற்றி, இந்த உருவகத்தை வைத்து எழுதுங்கள்" என்றேன். முன் பெஞ்சில் இருந்த டோரீன் என்ற பெண், மூக்கு நுனி சிவந்த ஒல்லிப் பிள்ளை, கை தூக்கினாள். "எந்தப் புல், மிஸ்? எங்கள் புல்லா, உங்கள் புல்லா?"

அதுதான் கேள்வி. ஆறு மாதம் நான் படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடங்கும். "உன் விருப்பம். ஆனால் எந்தப் புல் என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். அதை நீதான் எழுத்தில் சொல்ல வேண்டும்" என்றேன். வேலம்மாளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதும் அதுவே.

இன்ஸ்பெக்டர் எழுந்து பெஞ்சு பெஞ்சாக நடந்தார். டோரீனிடம் வந்ததும் நின்றுவிட்டார். பிறகு அந்தத் தாளை எடுத்து, வாய்விட்டுப் படித்தார்.

"என் அப்பா யுத்தத்துக்குப் போனார், வரவில்லை. எங்கள் வீட்டுப் புல்லில் பாம்பு இல்லை. அதனால் அம்மா ராத்திரி கதவை இரண்டு தடவை பூட்டுகிறாள்."

சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "மிஸ்டர் வார்ட், இந்த இங்கிலீஷில் பிழை ஏதும் உண்டா?"

மிஸ்டர் வார்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லை" என்றார். பிறகு என் பக்கம் பார்த்து, "அந்த நன்று இருக்கட்டும், மிஸ் ஞானம்" என்றார். பெயரைச் சரியாகச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

சர்ட்டிபிகேட்டு கிடைத்தது. உயர்ந்த தரத்தில் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடக்கமாக இருக்க எனக்கு வராது. ஆனால் கப்பலில் வரும்போது நான் நினைத்து நினைத்துப் பூரித்தது அந்தக் காகிதத்தை அல்ல. ஒரு இங்கிலீஷ் பிள்ளை, தன் துக்கத்தைச் சொல்லத் தன் பாஷையில் இடம் தேடி, எங்கள் கரிசல் காட்டில் வந்து எடுத்துக்கொண்டதைத்தான். எத்தனை காலமாக நாம்தான் அவர்களிடம் கடன் வாங்குகிறோம் என்று தலை குனிந்து படித்தோம்! நம்மிடமும் கொடுக்க இருக்கிறது.

ஊர் வந்து சேர்ந்ததும் தாளாளர் அண்ணாச்சி சர்ட்டிபிகேட்டை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். "இனி எவன் வாயத் தொறக்கான்னு பாப்போம். ஆறாம் பாரத்துக்குப் போம்மா" என்றார்.

ஆறாம் பாரத்தில் என் பெண்கள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டு, முதல் பாடமாக இரண்டு புல்லையும் பற்றிச் சொன்னேன். பரீட்சையில் எந்தப் புல்லை எழுத வேண்டும், தன் வீட்டைப் பற்றி எழுதும்போது எந்தப் புல்லை எழுதலாம், அதைப் படிக்கிறவனுக்கு எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று விளக்கினேன். கடைசியில் டோரீன் எழுதியதைச் சொன்னேன். தமிழிலேயே சொன்னேன்.

வேலம்மாள் மட்டும் எழுந்தாள்.

"டீச்சர், அந்தப் பிள்ளைக்கு எழுதிப் போடுங்க. அவ அம்மையக் கூட்டிக்கிட்டு நம்ம பக்கம் வரச் சொல்லுங்க. எங்கய்யா காவல் இருப்பாவ. கதவத் தொறந்து போட்டே தூங்கட்டும்."